இருட்டு அடுக்களைக்கு எந்த லென்ஸ்?

கஞ்சி, கஷாயம், கம்பளி அலசும் முறை என்று எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று காமிராவைப் பற்றி ஆரம்பிக்கிறேனே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. காமிராவும் இப்போது வீட்டுச் சாமான்தான். மிக்ஸி வாங்கும்போது எத்தனை வாட், எத்தனை ஜார் என்று கடைக்காரரைக் குடைந்தெடுக்கிறோம். லென்ஸ் என்றால் மட்டும் ஆண்பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பானேன்? விலையோ பல மிக்ஸிகளின் விலை!

ஏற்காட்டுக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவு ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் ஸீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்து, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பீர்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊரின் வெளிச்சம்தான் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வந்து பாருங்கள்! கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரமாயிற்றே, பகல் 11 மணிக்கு மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளைக் கேட்கவே வேண்டாம். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்று வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் வீட்டுக்கும் சேர்த்து நிழல் போட்டுவிடும். அடுக்களையில் கடுகு டப்பா எது, கேழ்வரகு டப்பா எது என்று தடவித்தான் எடுக்க வேண்டும்.

அப்படி ஒரு வீட்டில்தான் இந்தக் கேள்வி பிறந்தது. எஸ்டேட் ரைட்டர் ஒருவரின் மனைவி. இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. அக்கம்பக்கத்தில் வளைகாப்பு, பெயர் வைப்பது, முதல் பிறந்தநாள் என்றால் இவள்தான் போட்டோ எடுப்பாள். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் பழைய காமிராவை மலிவாகக் கொடுத்தான். ஃபுல் ஃப்ரேம் காமிரா. கூடவே ஒரு ஸூம் லென்ஸ். ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, சீட்டு எடுத்திருக்கேன். அவரு ஸ்கூட்டிக்கு முன்பணம் கட்டலாங்கிறாரு. நான் ஒரு லென்ஸ் வாங்கலாம்னு பாக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும். தப்பா வாங்கிட்டேன்னா அடுத்த சீட்டு எடுக்க மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள பாப்பா நடந்துருவா, ஆயா..."

மேலே சொல்லவில்லை. எங்கள் சேலம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அவள் கணவருடைய ஆயாவுக்கு 84 வயது. ஆதார் அட்டையில் இருக்கிற அந்த விறைத்த முகத்தைத் தவிர வேறு படம் கிடையாது. கல்யாணத்தில் எடுக்கவில்லை, பிள்ளைகள் பிறந்தபோது எடுக்கவில்லை. கிழவி எந்நேரமும் அடுப்படியிலேயே இருப்பாள். வாசலுக்குக் கூட்டிவந்து நிற்க வைத்தால் ஆதார் முகம் வந்துவிடும். அடுப்படியில் எடுத்தால் படம் கலங்கிவிடும். ஃப்ளாஷ் போட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், குழந்தையோ வீறிட்டு அழும்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், இளம் தாய்மார்கள் அடிக்கடி கேட்பதுதான். சாதாரண காமிரா ஃப்ளாஷ் குழந்தையின் பார்வையைக் கெடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்காகத் தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே பளீர் பளீர் என்று அடிப்பானேன்? திடுக்கிட்டு எழுந்தால் மறுபடி தூங்கவைக்கப் போவது போட்டோ கேட்ட மாமா இல்லை, நீங்கள்தான். தவிரவும் நேரே அடிக்கும் ஃப்ளாஷில் முகம் மாவு பூசினாற்போல வெளுத்து, பின்னால் அடுப்பும் பாத்திரமும் கருங்கும்மென்று போய்விடும். அந்த வீட்டின் வெளிச்சத்திலேயே எடுத்தால்தான் அந்த வீடு படத்தில் வரும்.

என் அண்ணன் சேலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். இருட்டறையில் படம் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஃபுல் ஃப்ரேம் என்றால் பயந்துவிடாதீர்கள். அந்த நாளில் 35 மி.மீ. ஃபிலிம் ரோல் போடுவோமே, அதில் ஒரு படம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம் இருக்கும். இன்றைய காமிராவில் ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு இருக்கிறது. அது பழைய ஃபிலிம் அளவே இருந்தால் ஃபுல் ஃப்ரேம். சின்ன காமிராக்களில் சில்லும் சின்னது. ஸூம் ஆகாமல் ஒரே அளவில் நிற்கிற லென்ஸை ப்ரைம் என்கிறார்கள். பக்கத்தில் வர வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். வைட் ஆங்கிள் என்றால் அகலமாகப் பார்ப்பது. மிச்சம் இருப்பது வேகம். லென்ஸ் எங்கேயும் ஓடுவதில்லை! வாய் பெரிதாகத் திறந்து நிறைய ஒளியை உள்ளே விட்டால், காமிராவின் கதவு சட்டென்று திறந்து மூடினாலே போதும். அதனால் வேகமான லென்ஸ் என்று பெயர்.

எவ்வளவு திறக்கும் என்பதை லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப் எண் சொல்லும். எண் சிறிதானால் வாய் பெரிது. இதுதான் எல்லோரையும் குழப்புகிறது. கணக்கு ரொம்ப எளிது. லென்ஸின் மி.மீ. அளவை எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் அகலம் வரும். 24 மி.மீ. லென்ஸ், எஃப் 4 என்றால் 6 மி.மீ., நல்ல மிளகு ஒன்றின் அளவு. அதே லென்ஸ் எஃப் 1.8 என்றால் 13 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, பச்சைச் சுண்டைக்காய் அளவு. பரப்பைக் கணக்குப் போட்டால் சுண்டைக்காய் வாய் வழியே ஏறக்குறைய 5 பங்கு ஒளி உள்ளே போகும். இவளுடைய ஸூம் லென்ஸ் எஃப் 4-க்கு மேல் திறக்காது. மேகம் இறங்கிய நாளில் அந்த அடுக்களையில் ஒரு வினாடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால்தான் படம் விழுந்தது. அதற்குள் குழந்தை இரண்டு தரம் தலையை ஆட்டிவிடும். எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் 125-ல் ஒரு பங்கே போதும். தவழ்கிற குழந்தையைக்கூட அது பிடித்துவிடும்.

"ஐ.எஸ்.ஓ.-வை ஏத்திக்கலாமே அக்கா?" என்றாள். ஏற்றலாம். ஃபுல் ஃப்ரேம் அதை நன்றாகவே தாங்கும். ஆனால் இவள் ஏற்கனவே 3200-ல் வைத்திருந்தாள். அதற்கு மேலும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஆயாவின் கன்னத்தில் ரவை கொட்டினாற்போலப் புள்ளி புள்ளியாக வரும். இன்னொரு மயக்கமும் உண்டு. ஆட்டத்தைத் தாங்கும் வசதி என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். அது தாங்குவது நம் கை ஆட்டத்தை. எதிரே குழந்தை ஆடினால் அது என்ன செய்யும், பாவம்!

வேகம் அதிகமானால் நல்லதுதானே, எல்லாவற்றிலும் பெரிய வாயாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். 1975-ல் ஸ்டான்லி குப்ரிக் என்ற டைரக்டர் 'பாரி லிண்டன்' என்று ஒரு படம் எடுத்தார். மின்சாரம் வருவதற்கு முந்தைய காலத்துக் கதை. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே சில காட்சிகளை எடுக்க வேண்டும் என்று பிடிவாதம். அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக ஸைஸ் கம்பெனி செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்து மாட்டினார். காட்சி பிரமாதமாகத்தான் வந்தது. ஆனால் நடிகர்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. வாய் பெரிதாகத் திறந்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் அப்படிக் குறுகிவிடும். ஒரு சாண் முன்னே பின்னே நகர்ந்தால் முகம் மங்கிவிடும். நம் வீட்டு நடிகை ஒன்பது மாதத்தவள், சொன்ன பேச்சைக் கேட்பாளா?

நம் பாலு மகேந்திரா இருக்கிற வெளிச்சத்தையே நம்பி எடுப்பதில் பேர் போனவர். ஊட்டிக் குளிரும் மூட்டமுமாக 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'க்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. மலைவாசிகளான எங்களுக்கு அந்தச் சாம்பல் வெளிச்சத்தைப் பார்த்தாலே நம் வீட்டு வெளிச்சம் என்று தெரிந்துவிடும்.

சரி, எத்தனை மி.மீ. வாங்குவது? கடைக்குப் போவதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். 20, 24, 28, 35 என்று நான்கு அளவுகள் முன்னால் வந்து நிற்கும். புத்தகத்தில் 94 டிகிரி, 84 டிகிரி என்று கோணத்தை எழுதியிருப்பார்கள். அது நமக்கு எதற்கு? அடிக்கணக்கில் பார்ப்போம். ஆறடி தள்ளி நின்று காமிராவைப் படுக்கை வாட்டில் பிடித்தால், 24 மி.மீ. லென்ஸில் 9 அடி அகலமும் 6 அடி உயரமும் படத்துக்குள் விழும். ஒரு சுவர் முழுக்க வந்துவிடும். 35 மி.மீ. என்றால் அகலம் 6 அடிக்குச் சற்று மேலே, உயரம் 4 அடி. உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவள், பக்கத்தில் அடுப்பு, மடியில் குழந்தை, அவ்வளவுதான். 28 இரண்டுக்கும் நடுவே, ஏழரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். 20 மி.மீ. என்றால் பதினோரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக் கூரையில் இருக்கும் ஒட்டடையும் சேர்ந்தே வரும், ஜாக்கிரதை!

ஓர் உபாயம் சொல்கிறேன். உங்கள் கைப்பேசியில் ஸூம் பண்ணாமல் எடுக்கும் சாதாரணப் படம் பெரும்பாலான கைப்பேசிகளில் ஏறக்குறைய 24-லிருந்து 26 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம்தான். ஆகவே 24 எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஏற்கனவே தெரியும். கைப்பேசியில் எடுக்கும்போது 'இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் தேவலையே' என்று முதுகு சுவரில் இடிக்கிறதா? 24 அல்லது அதற்கும் அகலமானது வேண்டும். எப்போதும் இரண்டடி முன்னே நடக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் கண் 35-ஐக் கேட்கிறது.

அகலமான லென்ஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். நடுவில் நிற்கிற மாப்பிள்ளை பெண் லட்சணமாக இருப்பார்கள், மூலையில் நிற்கிற நாத்தனார் மட்டும் பக்கவாட்டில் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவாள். படத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா! குழந்தையின் தலை மூலைக்குப் போனால் பூசணிக்காய் மாதிரி நீண்டுவிடும். 24-ஐ வைத்துக்கொண்டு முகத்துக்கு ஒன்றரை அடி பக்கத்தில் போனால் மூக்கு முன்னால் வந்து காது பின்னால் ஓடிவிடும். அந்தக் குற்றம் லென்ஸினுடையதுகூட இல்லை, நாம் அவ்வளவு பக்கத்தில் போவதால் வருவது. அகலமான லென்ஸ் நம்மைப் பக்கத்தில் போகச் சொல்லித் தூண்டுகிறது, அவ்வளவுதான். முகங்களை நடுவிலேயே வையுங்கள், ஓரத்துக்குப் பானை, ஜன்னல், கதவு இவை போதும்.

அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஐந்தடி தூரத்தில் எஃப் 1.8-ல் எடுத்தால் 35 மி.மீ. லென்ஸில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 20 செ.மீ. ஆயாவின் முகம் தெளிவாக இருந்தால் மடியில் முன்னால் துள்ளும் குழந்தை லேசாக மங்கும். 24-ல் அதே தூரத்தில் ஆழம் சுமார் 40 செ.மீ., இருவருமே தெளிவாக வந்துவிடுவார்கள். மங்கல் வேண்டும், வேண்டும் என்று இப்போது எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். எனக்கென்னவோ அடுப்பும் அம்மிக்கல்லும் கொஞ்சமாவது தெரிந்தால்தான் அது வீட்டுப் படம். வெறும் மங்கலில் மிதக்கிற முகம் எந்த ஊர் முகமாகவும் இருக்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள், "நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க அக்கா" என்றாள். நான் சொல்லவில்லை. அவளுடைய ஸூம் லென்ஸை வாங்கி, வளையத்தை 24-ல் நிறுத்தி, அசையாதபடி செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தேன். நாலு நாள் அப்படியே எடு, அப்புறம் 35-ல் ஒட்டித் தருகிறேன், அதில் நாலு நாள். படம் கலங்கினால் கலங்கட்டும், எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை மட்டும் பார். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் லென்ஸ் வாங்குவது கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

எட்டு நாள் கழித்து வந்தாள். அச்சுப் போடலாம் என்று அவளாகவே பொறுக்கிய 11 படங்களில் எட்டு 35-ல் எடுத்தவை. 24-ல் எடுத்ததில் தேறிய மூன்றும் வளைகாப்புக் கூட்டம். எஸ்டேட் லயன் வீட்டுக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த இடம். அவளுக்கே விடை தெரிந்துவிட்டது. எட்டடி அடுக்களையில் கதவோரம் முதுகைச் சாய்த்து நின்றால் ஆயாவும் அடுப்பும் 35-க்குள் சரியாக அடங்கியிருந்தார்கள். கூட்டத்துக்குப் பழைய ஸூம் இருக்கவே இருக்கிறது. பெரியவர்கள் நிற்கச் சொன்னால் நிற்பார்கள், அங்கே வேகம் குறைந்தால் மோசமில்லை.

உங்கள் வீட்டுக்கு விடை வேறாகவும் இருக்கலாம். கூடம், தாழ்வாரம், பத்துப் பேர், கோலம் என்று எடுப்பவளுக்கு 24-தான் சரி. ஏற்காடு ஏரி, பகோடா பாயிண்ட், மேகம் என்று வெளியே போய் எடுக்கிறவளுக்கு வேகமே அவ்வளவாகத் தேவையில்லை, பகலில் ஸூமே போதும். சேர்வராயன் கோயில் குகைக்குள் எடுக்க 20 வேண்டும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். குனிந்து உள்ளே போய்க் கும்பிடுகிற சின்ன இடம் அது. மலைவாழ் மக்களின் குலசாமி. அனுமதி இல்லாமல் அங்கே காமிராவை எடுக்கவே கூடாது. அவருக்கு என் பதில் அவ்வளவுதான். நட்சத்திரம் எடுக்க ஆசைப்படுகிற பெண்களுக்கு 20 மி.மீ. எஃப் 1.8 நல்லது. மூலையில் இருக்கும் நட்சத்திரங்கள் சிறகு முளைத்தாற்போல இழுபடாமல் புள்ளியாக வருகின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சேலத்து வெளிச்சம் படாத பக்கமாகப் போங்கள், துணையோடு போங்கள்.

அடுத்த சண்டை எஃப் 1.4-ஆ, எஃப் 1.8-ஆ என்பது. 1.4-ல் ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் மேலே ஒளி கூடுதலாகக் கிடைக்கும். நல்லதுதான். அதற்கு விலையும் கனமும் எங்கேயோ போய்விடும். விலையை நான் எழுதுவதில்லை, இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடுகிறது. கனம் மாறாது. இவளுடைய காமிரா கேனன். அதற்கான 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 305 கிராம், 24 மி.மீ. எஃப் 1.8 வெறும் 270 கிராம். ஸோனியில் 35 எஃப் 1.8 லென்ஸ் 280 கிராம், 35 எஃப் 1.4 என்றால் 500 கிராமுக்கு மேல். நிக்கானின் இஸட் வகையில் 35 எஃப் 1.8 லென்ஸ் 370 கிராம், 24 எஃப் 1.8 லென்ஸ் 450. ஸிக்மா கம்பெனி 2015-ல் கொண்டுவந்த 20 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 950 கிராம். கிட்டத்தட்ட ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம்!

கனம் வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை, பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்புப் பிரச்சினையும்கூட. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டோரமாக ஒரு வலி வருமே, டாக்டர்கள் டி குவர்வேன் என்று பெயர் சொல்வார்கள். இளம் தாய்மார்களுக்கு அது சகஜம். அந்தக் கையில் கனமான லென்ஸையும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தால் வலி கேட்கவா வேண்டும். இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் ஏந்திப் பிடியுங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். வலி வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இவள் எஃப் 1.8-லேயே 35-ஐ எடுத்தாள். அந்த லென்ஸ் 17 செ.மீ. வரைக்கும் கிட்டே போய்ப் பார்க்கும். குழந்தையின் பிஞ்சு விரல், ஆயாவின் தண்டட்டி எல்லாம் எடுக்கலாம். சீட்டுப் பணத்தில் மிச்சம் இருந்தது ஸ்கூட்டி முன்பணத்தில் சேர்ந்தது. வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு வந்த பிறகுதான் லென்ஸ் பெட்டியையே பிரித்தாளாம்! புத்திசாலிப் பெண்.

கார்த்திகையில் ஒரு மூட்டமான காலையில் ஆயா களி கிண்டும்போது எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அடுப்பு வெளிச்சம் ஒரு கன்னத்தில், ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் இன்னொரு கன்னத்தில். பின்னால் தவழ்கிற குழந்தை லேசாக மங்கலாய். "ஆயா பாத்துட்டு என்ன சொன்னாங்க?" என்றேன். "'இது எங்க அம்மா மாதிரி இல்ல இருக்குது'ன்னு ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்தாங்க அக்கா."

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. லென்ஸ் எல்லாமே ஃபுல் ஃப்ரேமுக்குப் பொருந்தாது. சின்னச் சில்லுக்குச் செய்த லென்ஸை மாட்டினால் படத்தின் மூலைகள் கறுத்துப்போகும், அல்லது காமிராவே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். நிக்கானில் டி.எக்ஸ்., கேனனில் ஆர்.எஃப்-எஸ், ஸிக்மாவில் டி.ஸி. என்று எழுதியிருந்தால் அது சின்னது. ஸோனியில் எஃப்.இ. என்று இருந்தால்தான் முழு அளவு. நிக்கானின் பழைய வகையில் 35 மி.மீ. எஃப் 1.8 என்ற ஒரே பெயரில் இரண்டு லென்ஸ் உண்டு, ஒன்று சின்னதற்கு, ஒன்று முழு அளவுக்கு. பழைய சாமான் விற்கிறவர் வாயைத் திறந்து வித்தியாசம் சொல்ல மாட்டார், நாம்தான் எழுத்தைப் படிக்க வேண்டும்.

இன்னொன்று, பழையது வாங்கினால் லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமாகக் கைப்பேசி டார்ச்சை அடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி, பனிப்பூ மாதிரி ஏதாவது படர்ந்திருந்தால் பேரமே பேசாதீர்கள். அது பூஞ்சை. கண்ணாடி மேல் இருக்கும் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் வடு போகாது.

பூஞ்சை என்று எழுதும்போதே கை பதறுகிறது, ஏனென்றால் எங்கள் மலையில் அதுதான் முதல் எதிரி. பட்டுப்புடவையையும் ஊறுகாய் ஜாடியையும் விட்டு வைக்காதது லென்ஸை விட்டு வைக்குமா? காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இங்கே மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அப்படித்தான் இருக்கும். லென்ஸோடு கொடுத்த உறையிலேயே வைத்துப் பீரோவுக்குள் பூட்டுவது கூடவே கூடாது. அதிலும் தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கிறார்கள் சிலர். அரிசி மாவுத்தூள் லென்ஸின் இடுக்குகளில் புகுந்துவிடும், வேண்டாம்.

ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். அதற்குள் சிலிக்கா ஜெல் மணிகளைத் துணி முடிச்சாகவோ சிறு டப்பியாகவோ வையுங்கள். கூடவே ஒரு சின்ன ஈரமானி போட்டு வைத்தால் மூடி வழியாகவே எண் தெரியும். 40-லிருந்து 50-க்குள் இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே காயவைத்தாலும் லென்ஸின் உள்ளே இருக்கும் மசகுக்கு நல்லதில்லை. நீல மணிகள் ஈரம் குடித்துக் குடித்து ரோஸ் நிறமாகும். அப்போது மிதமான சூட்டில், 120 டிகிரியை ஒட்டி, ஓரிரு மணி நேரம் காயவைத்தால் மறுபடி நீலமாகும். சமைக்கிற பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. பார்க்க மிட்டாய் மாதிரி இருப்பதால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் டப்பா எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

வெளியே குளிரில் எடுத்துவிட்டு ஆவி பறக்கும் அடுக்களைக்குள் நேரே வந்தால் கண்ணாடியில் முத்து முத்தாக நீர் பூக்கும். வாசலிலேயே காமிராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, அரைமணி கழித்துத் திறந்தால் பூக்காது. புடவைத் தலைப்பால் துடைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மென்மையான கண்ணாடித் துணியை டப்பாவிலேயே மடித்து வையுங்கள். வாரம் ஒரு முறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் படம் எடுங்கள், பூட்டி வைத்ததில்தான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கிறது.

அந்தப் பெண் வீட்டில் மாமியார் அந்த டப்பாவைத் துவரம்பருப்பு டப்பா என்று இரண்டு தரம் திறந்துவிட்டாராம். இப்போது மூடியில் சிவப்பு மையில் 'பருப்பு இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.